தக்காளி பாஸ்தாவில் பால் திரிந்தால்

ஒரே பாத்திரத்தில் செய்த தக்காளி பாஸ்தாவில் பால் திரிந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். தக்காளியோடு சேர்த்தே கொதிக்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அநேகமாக அங்கேதான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலின் புரதம் திரளும். பன்னீர் எடுப்பதும் இப்படித்தான்.

சந்தேகமிருந்தால் அதே பாலைத் தனியாகக் காய்ச்சிப் பாருங்கள். அப்போதும் திரிந்தால் பால்தான் பழையது. தக்காளியின்மேல் பழி வேண்டாம்.

1. தக்காளியைப் பச்சை வாசனை போக வதக்கி, 200 கிராம் பாஸ்தா, உப்பு, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் சேர்த்து வேகவிடுங்கள். நீரை வடிக்கவே வடிக்காதீர்கள்! பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்துதான் சாறுக்குக் கெட்டித்தன்மை தருகிறது.

2. அடியில் கொழகொழவென்று கொஞ்சம் நீர் நிற்கும்போதே அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

3. பாலுக்குப் பதிலாக, குளிர் நீங்கிய கிரீமைச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். சீஸும் இப்போதுதான்.

பாலைவிடக் கிரீம் எளிதில் திரியாது, கொழுப்பு அதிகம் என்பதால். பால் மட்டும்தான் இருக்கிறது என்றால், அரை கப் பாலில் ஒரு தேக்கரண்டி சோளமாவு கரைத்து, தனியாகக் கொதிக்கவைத்துக் கெட்டியானதும் சேர்க்கலாம். பாத்திரம் இரண்டாகிவிடும், ஆனாலும் அதுவே நம்பகமான வழி.

ஏற்கெனவே திரிந்ததை மீண்டும் வழவழப்பாக்க முடியாது. பால் புதியதாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.