பி27 இருக்கட்டும், முதலில் அந்தக் கண்ணைக் காட்டுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஏழெட்டு மாதமாக விடியப்புறம் முதுகு பிடித்துக்கொண்டு எழும்ப முடியாமல் கிடக்கிறான். தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்ததில் எச்.எல்.ஏ.-பி27 'பொசிற்றிவ்' என்று வந்திருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய கலங்களே உடம்பைத் தின்னும் நோய் என்று கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பினார். என் மாமா ஒருவர் கூனிப்போய், நிலத்தைப் பார்த்தபடியே வாழ்ந்து செத்தவர். கத்தரிக்காய், இறால், பால் எல்லாம் நிறுத்திவிட்டேன். எதிர்ப்புச் சக்திக்கு ஒரு மாவும் கரைத்துக் கொடுக்கிறேன். கோவிட் ஊசியால் வந்திருக்குமா? மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், அவளுக்கும் சோதிக்க வேண்டுமா? மூன்று நாளாக மகனின் ஒரு கண்ணும் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசுகிறது. அம்மாவின் கட்டராக்ட் மருந்து மிச்சம் இருந்தது, அதை விடுகிறோம்.
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா. மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், கண் பொறுக்காது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே அழைத்துச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து.

ஊரில் பரவும் கண்ணோய் வேறு, இது வேறு. கண்ணோயில் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், அரிக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதுக்கும் தாவும். பி27 என்ற புரதம் உடம்பில் உள்ளவர்களுக்கு வரக்கூடிய அழற்சி கண்ணுக்கு உள்ளே, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையில் வருவது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கதிராளி என்று படித்திருப்பீர்கள். யூவியைட்டிஸ் என்பது இந்த அழற்சிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். ஒரு கண்ணில் திடீரென்று தொடங்கும். பீளை இருக்காது, கண்ணீர்தான் வடியும். ஓரங்களைவிடக் கறுப்பு விழியைச் சுற்றித்தான் சிவப்பு கூடுதலாக இருக்கும். உள்ளே ஆழமாக நோகும், பார்வை மங்கும். நல்ல கண்ணில் டோர்ச் அடித்தாலும் கெட்ட கண் நோகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதை விட்டுவைத்தால் கதிராளி பின்னால் உள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். வட்டமாக இருந்த கண்மணி கோணலாகும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வை நிரந்தரமாகக் கெடலாம். நேரத்தோடு மருந்து தொடங்கினால் பெரும்பாலும் சில கிழமைகளில் மாறிவிடும். அடுத்த மாதக் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கும் வருத்தம் அல்ல இது. அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இப்போது அந்தச் சொட்டு மருந்து. கட்டராக்ட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுப்பது அநேகமாக ஸ்டெரொய்ட் சொட்டு. வேடிக்கை என்னவென்றால், கண் வைத்தியரும் இந்த அழற்சிக்கு ஸ்டெரொய்ட் சொட்டுத்தான் எழுதுவார். அதனால் "பார்த்தீர்களா, நாங்கள் சரியான மருந்துதான் விட்டோம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் எழுதினால் முதல் நாட்களில் மணிக்கொரு தடவை விடச் சொல்வார். கண்மணியை விரித்து ஒட்டாமல் வைத்திருக்க இன்னொரு சொட்டும் சேர்ப்பார். பிறகு கிழமைக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். நீங்கள் காலையில் ஒரு சொட்டும் படுக்கும்போது ஒரு சொட்டும் விட்டால் சிவப்புக் கொஞ்சம் வெளுக்கும், உள்ளே அழற்சி இருந்தபடியே இருக்கும், வைத்தியர் பார்க்கும்போது அடையாளங்களும் பாதி மறைந்திருக்கும். அதே சிவப்பு ஹேர்பீஸ் வைரசால் வந்ததாக இருந்தாலோ, இந்தச் சொட்டு கருவிழியைப் புண்ணாக்கி ஓட்டையே போட்டுவிடக்கூடும். எது என்று பாமசியில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. யூவியைட்டிஸ் என்றால், கண்ணின் முன்னறை நீரில் மிதக்கும் வெண்குருதிக் கலங்கள் அந்தக் கீற்றில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் மருந்து எழுத வேண்டும்.

திறந்து ஒரு மாதம் கடந்த கண் சொட்டுப் போத்தல் யாருக்கும் ஆகாது. நந்தியாவட்டைப் பூவையும் தாய்ப்பாலையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுன்னாகத்தில் இருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு பஸ் ஏறுவது பெரிய பயணம் அல்ல. அங்கே போய் "கண் சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கண்ணோய் என்று நினைத்துவிடுவார்கள். ஒரு கண் மட்டும், வெளிச்சத்துக்குக் கூசுகிறது, பார்வை மங்குகிறதா இல்லையா, பி27 உள்ளவர், முதுகும் பிடிக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். விட்ட சொட்டுப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். ஏச்சு விழலாம், பரவாயில்லை.

சரி, இனி மாமாவின் கூனல். பலதையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பயம் ஒன்றுதான், மகனும் அப்படி ஆகிவிடுவானோ என்பது. அதற்குப் பதில் சொல்ல முதலில் அந்த வீடியோவின் பிடியில் இருந்து உங்களை எடுக்க வேண்டும்.

பி27 என்பது ஒரு புரதத்தின் பெயர். செங்குருதிக் கலங்களை விட்டால், உடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலங்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருவதால் ஆளுக்காள் வேறுபடும். சிறுநீரகம் மாற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்கிறார்களே, அது இவற்றைத்தான். கலத்துக்குள் பழுதான, தேவை முடிந்த புரதங்கள் எந்நேரமும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படி வெட்டுப்பட்ட, எட்டில் இருந்து பத்து வரையான அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டை, அதாவது ஒரு பெப்டைட்டை, எச்.எல்.ஏ. தன் மேல்பக்கத்துப் பள்ளத்தில் ஏந்திக்கொண்டு கலத்தின் வெளியே வந்து நிற்கும். ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் தான் சமைத்ததில் ஒரு பிடியைத் தட்டில் வைத்துப் படலையில் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ரி கலம் என்ற வெண்குருதிக் கலம் வீட்டுக்குள் போகாது, படலைத் தட்டுகளைப் பார்த்தபடியே நடக்கும். வழக்கமான சாப்பாடு என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வைரசு புகுந்த வீட்டின் தட்டில் வைரசின் துண்டும் வந்துவிடும், அந்த வீடு பிடிபடும்.

தட்டையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரி கலத்துக்கு அடையாளம் தெரியும். வைரசின் துண்டு தனியே கிடந்தால் திரும்பியும் பார்க்காது. பீற்றர் டோகேர்ட்டியும் ரொல்வ் சிங்கர்நாகலும் 1970களில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் எலிகளில் கண்டுபிடித்த விடயம் இது. 1996 இல் நோபல் பரிசு கிடைத்தது. துண்டு கிடக்கும் அந்தப் பள்ளத்தின் வடிவம் 1987 இல்தான் முதன்முதலாகப் படமாகத் தெரிந்தது. உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டு அதனிடம் கேளுங்கள், இதைவிட நன்றாகச் சொல்லும்.

சொந்தத் துண்டுகளைக் கண்டு பாயக்கூடிய ரி கலங்களை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமசுச் சுரப்பி முன்கூட்டியே கழித்துவிடும். பெரும்பாலானவற்றைத்தான், எல்லாவற்றையும் அல்ல. பி27 இன் பள்ளத்துக்கு ஒரு தனி விருப்பம் உண்டு, இரண்டாவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உள்ள துண்டுகளையே அது அதிகம் ஏந்தும். அப்படி ஏந்தும்போது, பற்றீரியாவின் துண்டு ஒன்றும் எங்கள் சொந்தப் புரதத்தின் துண்டு ஒன்றும் ஒரே ரி கலத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்துவிடலாம். 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், முள்ளந்தண்டு அழற்சிக்காரரிடமும் (மகனுக்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் முதுகு நோய் அதுதான்) யூவியைட்டிஸ்காரரிடமும் இருந்து எடுத்த ரி கலங்களில் ஒரே சாயலான ஏற்பிகள், அதாவது துண்டை அடையாளம் காணும் புரதங்கள், இருந்தன. பி27 ஏந்திய பற்றீரியாத் துண்டுகளுக்கும் சொந்தத் துண்டுகளுக்கும் அவை ஒருங்கே பதிலளித்தன. உங்கள் கடிதத்தில் முதுகையும் கண்ணையும் ஒன்றாகக் கண்டதும் நான் தொலைபேசியை எடுத்தது சும்மா அல்ல. பி27 புரதம் ஒழுங்காக மடியாமல் கலத்துக்குள் தேங்குவதுதான் வினை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு அவர்களோடு இருக்கட்டும்.

ஆகவே நடப்பது கொஞ்ச ரி கலங்களின் ஆள்மாறாட்டம். அதுவும் முதன்மையாகத் தசைநாண் எலும்போடு சேரும் இடங்களிலும், இடுப்பின் பின்மூட்டிலும், கண்ணிலும். உடம்பை உடம்பு தின்பது என்பதெல்லாம் பார்வையாளர் எண்ணிக்கை கூட்டும் பேச்சு. இதே பி27 உள்ளவர்களின் ரி கலங்கள் எச்.ஐ.வி. தொற்றை மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் அடக்கிவைத்திருக்கின்றன என்பதை வீடியோக்காரர் சொல்லியிருக்கமாட்டார்.

பி27 க்கும் முள்ளந்தண்டு அழற்சிக்கும் உள்ள தொடர்பு 1973 இலேயே தெரியவந்தது. ஆனால் பி27 உள்ள நூறு பேரை எடுத்தால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் ஒருநாளும் வருவதில்லை. ஆகவே மகளுக்கு முதுகிலும் கண்ணிலும் ஒன்றும் இல்லையென்றால் சோதிக்க வேண்டாம். கலியாணப் பேச்சில் சாதகத்தோடு இதையும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தை நீங்கள் தொடங்கிவைக்காதீர்கள்.

மகனின் கதை வேறு, அவருக்குக் குருதி அறிக்கை மட்டுமல்ல, முதுகும் பேசுகிறது. இளவயதில் மெல்ல மெல்லத் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய பிடிப்பு. எழும்பி அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கிறதா, படுத்திருந்தால் கூடி நடமாடினால் குறைகிறதா, இரவின் பின்பாதியில் நோவு எழுப்புகிறதா, பிட்டம் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் நோகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், கண்ணுக்குப் பார்த்த பிறகு வாதநோய் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

மாமாவின் காலத்தில் "முதுகு நோகிறதா, படுத்திரு" என்பார்கள். இந்த நோய்க்கு அதைவிடக் கெட்ட ஆலோசனை கிடையாது. இப்போது ஒழுங்கான உடற்பயிற்சி, வைத்தியர் சொன்ன அளவில் அழற்சியைத் தணிக்கும் குளிசை, அவை போதாவிட்டால் அழற்சியைத் தூண்டும் ரி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. நேரத்தோடு வந்து தொடர்ந்து கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் அந்த நிலம் பார்க்கும் கூனல் இப்போது அரிது. பாமசியில் டைக்குளோபெனாக் என்ற நோவுக் குளிசையை அட்டை அட்டையாக வாங்கித் தானே போடுவது சிகிச்சை அல்ல. வயிற்றில் புண் வந்து குருதி போன பிறகு என்னிடம் வருவார்கள்.

கோவிட் ஊசியால் பி27 வராது, அது கருவிலேயே வந்தது. கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி என்பது அம்மம்மாமாரின் கணக்கு, பிள்ளைக்குச் சமைத்துக் கொடுங்கள், பாலும் கொடுங்கள். அந்த மாவை எறியுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்து வந்த வருத்தம் அல்ல இது. என்ன கலந்தது என்று எழுதாத டப்பாக்களில் ஸ்டெரொய்ட் இருந்து பிடிபட்டதும் உண்டு. சிகரெட் இந்த முதுகை இன்னும் கெடுக்கும். மகன் புகைப்பதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், எதற்கும் அவரிடம் தனியே ஒருமுறை கேட்கச் சொல்லி அவருடைய அப்பாவிடம் சொல்லுங்கள்.

கண் வைத்தியர் எழுதித்தரும் துண்டைத் தொலைக்காமல் வாதநோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், முதுகின் நோயைத் தீர்மானிக்க அது அங்குள்ள வைத்தியருக்கு உதவும். பி27 சோதனையை மறுபடி செய்யச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஒருமுறை பார்த்தால் போதும், அது மாறாது.