மட்டக்களப்பில் கோடைக் கள ஆய்வுக்கு மயிர்க்கொட்டி சேகரிக்கப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

கேட்டவர் விலங்கியல் படிக்கும் மாணவி. ஓகஸ்ட் விடுமுறையில் ஒன்பது பேராகப் படுவான்கரையில் பத்து நாள் தங்கி, மயிர்க்கொட்டி சேகரித்து வளர்க்கப் போகிறார்களாம். வலை, போத்தல், டோர்ச் எல்லாம் வாங்கியாகிவிட்டது, வேறென்ன வேண்டும் என்கிறார்.

ஒரு கொப்பியும் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளும் வேண்டும், தங்கச்சி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் முதல் தடவை போனபோது இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. முதல் நாளே நாற்பதுக்கு மேல் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் இரண்டு பெரிய டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தோம். இரவு உணவு கொடுக்க உட்கார்ந்தால், எது எந்த மரத்தில் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேசிமரத்துப் புழு எருக்கலை இலையைத் தொடாது. பக்கத்திலேயே வைத்தாலும் பட்டினி கிடந்து சாகும். மூன்றாம் நாள் விடியும்போது பாதிக்கு மேல் செத்துப் போயிருந்தன. அந்த டப்பாவை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒரு உயிரைக் கொப்பிலிருந்து எடுத்தால் அது தின்னும் இலையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு இலக்கம், ஒரு டப்பா. கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே செடியின் பெயர், இடம், திகதி, நேரம், நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், ஒரு படம். செடியின் பெயர் தெரியாவிட்டால் ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்த பயணத்தில் இந்த இலக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு வீட்டு வளவில் ஒரே தேசிமரத்திலிருந்து பதினொரு புழு எடுத்தோம். சின்னதில் காகத்தின் எச்சம் மாதிரி இருந்து, பிறகு இலைப் பச்சையாக மாறி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குப் போல இரண்டாகப் பிரிந்த ஒன்றை நீட்டுமே, காரமாக மணக்குமே, அதுதான். எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்தன. வெளியே வந்தபோது சில கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையோடு வந்தன. இரண்டு மட்டும் சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு, வேறு இனம் என்றே நினைக்கும்படி வந்தன. டப்பா மாறிப்போச்சு என்றுதான் எல்லோரும் சொன்னோம். கொப்பியைப் பார்த்தால் இலக்கம் சரி, மரம் சரி. அப்புறம்தான் விளங்கியது: அது மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சி. அதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும்; சில, பறவைகள் தின்ன அஞ்சும் நஞ்சுள்ள ரோஸ் வண்ணத்துப்பூச்சிகளைப் போல வேடம் போட்டிருக்கும். நிஜமான ரோஸின் உடல் சிவப்பு, வேடம் போட்டதின் உடல் கறுப்பு. புத்தகத்தில் இதைப் படித்திருந்தோம். ஆனால் நம் கையால் இலை போட்டு வளர்த்த புழுவிலிருந்து அது வெளியே வந்தபோது என் கை நடுங்கியது.

இதே காரியம் பெரிய அளவில் கொஸ்தாரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே குவானகாஸ்தே காட்டில் டானியல் ஜான்சென், வினி ஹால்வாக்ஸ் என்ற இரண்டு உயிரியலாளர்கள் 1978இல் தொடங்கி, பிறகு உள்ளூர் மக்களையும் பயிற்றுவித்து, இலட்சக்கணக்கான மயிர்க்கொட்டிகளை இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு வளர்த்து வருகிறார்கள். 1775இல் பெயர் வைக்கப்பட்ட ஒரு பூச்சியை எல்லோரும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் அதன் புழுக்கள் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு செடியில் இருந்தன. 2004இல் டி.என்.ஏ. பார்த்தபோது அந்தக் காட்டில் மட்டும் அது பத்து இனம் என்று தெரிந்தது. எந்தப் புழு எந்தச் செடியில் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பத்தையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

சரி, ஓகஸ்டில் எங்கே தேடுவது? கச்சான் காற்றில் பற்றை எல்லாம் காய்ந்து கிடக்கும். மாரி மழைக்குப் பிறகு கிடைப்பது போலக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பச்சை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே போங்கள்: உன்னிச்சை, நவகிரி வாய்க்கால் ஓரம், வீடுகளின் கிணற்றடி, கறிவேப்பிலை, தேசி, ஆமணக்கு. கடற்கரைப் பக்கம் எருக்கலை கோடையிலும் பச்சையாக நிற்கும். அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் மூன்று சோடிக் கறுப்பு உணர்கொம்பும் கொண்ட புழுவை முதல் நாளே காண்பீர்கள். எள்ளு போட்ட காணி இருந்தால் வாலில் கொம்புள்ள தடித்த புழுவைத் தேடுங்கள். அது மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும், டப்பாவில் நாலு விரல் ஈரமண் போட வேண்டும். புழுவைத் தேடுவதை விட அதன் தடயத்தைத் தேடுவது சுலபம். கடித்த இலை, கீழே விழுந்த எச்ச உருண்டை, பிறகு மேலே பாருங்கள். உயரமான கொப்பென்றால் கீழே வெள்ளைத் துணியை விரித்து, தடியால் மெல்லத் தட்டலாம். இரவில் ஒருமுறை டோர்ச்சோடு அதே செடிக்குப் போங்கள், பகலில் ஒளிந்திருந்தவை வெளியே தின்றுகொண்டிருக்கும். வளவுக்குள் மட்டும், வயல், காட்டுப் பக்கம் இரவில் வேண்டாம், யானை வரும்.

வளர்ப்பில் எங்களுக்கு வந்த பெரிய எதிரி எறும்பு. ஒரே இரவில் ஆறு டப்பாவைக் காலி செய்துவிட்டது. நாங்கள் தங்கிய வீட்டு அம்மம்மாதான் மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வைக்கச் சொன்னார். மற்றபடி தினமும் புது இலை, பழைய எச்சத்தை அகற்றல், டப்பாவுக்குள் வேர்வை பிடிக்காமல் கடதாசி விரித்தல். வெயிலில் நின்ற வானுக்குள் டப்பாவை விட்டுப் போகவே கூடாது.

சில புழுக்கள் வண்ணத்துப்பூச்சியாகாது. உடல் முழுக்க வெள்ளை அரிசி போலச் சின்னக் கூடுகள் முளைக்கும், அதிலிருந்து நுண்ணிய குளவிகள் வரும். அல்லது கூட்டுப்புழுவிலிருந்து ஒரு ஈ வரும். உங்கள் குழுவில் யாராவது "இது வீணாப் போச்சு" என்று அதை எறியப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எந்தப் புழுவை எந்த ஒட்டுண்ணி தாக்குகிறது என்பது விவசாயிக்கே தேவையான தகவல். 2018 மாரியில் அம்பாறைச் சோளக் காணிகளைச் சேனா படைப்புழு தின்றதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புழுவைக் கட்டுப்படுத்தும் வழிகளில் இப்படியான குளவிகளும் உண்டு. குளவியையும் அதே இலக்கத்தோடு மதுசாரத்தில் போட்டு வையுங்கள்.

மயிருள்ளதைக் கையால் தொட வேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து மயிரை எடுத்துவிட்டு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நேரே ஆஸ்பத்திரி. லகுகலை, கல்லோயா மாதிரித் தேசிய பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு புழுவைக்கூட எடுக்கக் கூடாது. வீட்டு வளவென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று அவர்களுக்குக் காட்டவும் செய்யுங்கள்.

அந்தத் தேசிமரம் அதே அம்மம்மாவுடையதுதான். புழுவைக் கண்டால் நசுக்குவார், அல்லது மகனைக் கொண்டு மருந்தடிப்பார். நாங்கள் வளர்த்ததை அவர் கண்முன்னே கிணற்றடியில் பறக்கவிட்டோம். ஒன்று போய் அவருடைய செவ்வரத்தையில் இருந்தது. "இதா மனே அது? இது நெடுகவும் வாறதுதானே!" என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வருடம் நாங்கள் போனபோது மரத்தின் கிழக்குப் பக்கக் கொப்பு ஒன்றைக் காட்டினார். இலையெல்லாம் கடித்துக் கிடந்தது. "இது உங்கட கொப்பு. இதுக்கு மருந்தடிக்க விடல்ல."