சி பிளஸும் ஏழு மன்றங்களும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவராக வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே உள்ள எண்ணம். சென்ற பருவத்தில் கரிம வேதியியலில் சி பிளஸ் வாங்கினேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. மறுபடி அதே பாடத்தை எடுத்து அழித்துவிடலாமா? எனக்கு வரலாறு பிடிக்கும். ஆனால் உயிரியல்தான் பாதுகாப்பு என்கிறார்கள் நண்பர்கள். ஏழு மாணவர் மன்றங்களில் இருக்கிறேன், மருத்துவமனையில் 40 மணி நேரம் தன்னார்வப் பணி செய்திருக்கிறேன். இன்னும் என்னென்ன சேர்க்க வேண்டும்? நீங்கள் மருத்துவராகவும் இருப்பதால் கேட்கிறேன்.

நி.

அன்புள்ள நி.,

முதலில் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். அழிக்க முடியாது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் இரண்டு மதிப்பெண்களும் நிற்கும், சராசரியில் இரண்டும் சேரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு சராசரி கணக்கிடுவார்கள், அதிலும் அப்படியே. சி பிளஸை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் ஏராளம். எனவே திரும்பிப் போகாதீர்கள். அடுத்து வரும் உயிர்வேதியியலை ஒழுங்காகப் படியுங்கள். இறங்கிய கோடு ஏறுவதைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் கோப்பைப் புரட்டுகிறார்கள்.

வரலாறு பிடித்தால் வரலாற்றைப் படியுங்கள். கேட்கப்படும் அறிவியல் பாடங்களை ஆய்வகத்தோடு முடித்திருந்தால் போதும், முதன்மைப் பாடம் எதுவாகவும் இருக்கலாம். ஹரோல்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை வரை படித்தவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அவரை இரண்டு முறை நிராகரித்தது. கொலம்பியாவில் மருத்துவம் படித்து, 1989இல் புற்றுநோய் மரபணு ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எல்லாருக்கும் இப்படி நடக்காது, தெரியும். உயிரியல் உங்களைக் காப்பாற்றும் என்ற கணக்கும் அதைவிட உறுதியானதல்ல.

மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டையே பாருங்கள். நான்கு பகுதிகள், மொத்த மதிப்பெண் 472 முதல் 528 வரை. அதில் ஒரு பகுதிக்கு அறிவியலே வேண்டாம். 90 நிமிடங்களில் 53 கேள்விகள், எல்லாம் தத்துவம், கலை, வரலாறு போன்ற துறைகளின் கட்டுரைப் பத்திகளைப் படித்துச் சொல்ல வேண்டியவை. மனப்பாடக்காரர்கள் தடுக்கி விழும் இடம் அது. ஆசிரியர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆறு மாதப் பயிற்சியில் வந்துவிடாது. பழைய ஆவணங்களோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கும்.

வரலாறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டம் முடித்துவிட்டு மருத்துவம் படிக்க வா என்ற விதி இந்த நாட்டில் வேரூன்றியதில் ஒரு பெண்ணின் பிடிவாதத்துக்குப் பங்கு உண்டு. 1893இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறக்கப் பணம் போதவில்லை. மேரி காரெட் என்ற செல்வந்தர் கொடுத்தார், நிபந்தனைகளோடு: பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், வருபவர்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டும். நாம் பேராசிரியர்களாக நுழைந்தது நல்லதாயிற்று, மாணவர்களாக நுழைந்திருக்கவே முடியாது என்று வில்லியம் ஆஸ்லர் தன் சக பேராசிரியரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். நானும் அதே கட்சி.

இனி ஏழு மன்றங்கள். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுவதுபோல எண்ணியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் இவற்றுக்கு 15 இடங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்து விரித்து எழுதச் சொல்வார்கள். உங்கள் ஏழில் எந்த மூன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியும்? முடியாதவற்றிலிருந்து இந்த வாரமே விலகிவிடுங்கள். மிஞ்சும் மாலைகளை ஒரே இடத்துக்குக் கொடுங்கள். முதியோர் இல்லமோ அந்திமக்காலப் பராமரிப்பு நிலையமோ, எதுவானாலும் இரண்டு ஆண்டுகள்.

சில ஆண்டுகள் நான் ஒரு கல்லூரியின் நேர்முகக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். 600 மணி நேரம் பணி செய்ததாக எழுதியிருந்த ஒருவரிடம், அங்கே பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். அவர் அந்தத் துறையின் அமைப்பை விளக்கினார். அதே நாளில், சக்கர நாற்காலி தள்ளிய இன்னொரு பெண் வந்தார். அறுவைசிகிச்சைக்குப் போகும் முதியவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறுப்பதை ஏதோ பயம் என்று நினைத்தாராம். பிறகுதான், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர்களுக்குக் கண்ணாடி போனால் காதும் போகும் என்று ஒரு முதியவர் சொல்லித் தெரிந்ததாம். அன்றிலிருந்து கதவுவரை கண்ணாடியோடு அழைத்துப் போக அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் எத்தனை மணி நேரம் எழுதியிருந்தார் என்பது எனக்கு நினைவில்லை.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டத்துக்குப் பின் ஓராண்டாவது வேறு வேலை செய்துவிட்டு வருகிறவர்கள்தான். வீட்டில் இதை விளக்குவது கொஞ்சம் கடினம், அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அதில் மதிப்பெண் இருக்கிறது, மன்றங்கள் இருக்கின்றன, நண்பர்கள் இருக்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. அந்த 40 மணி நேரத்தில் யாரைப் பார்த்தீர்கள்? அவசரமில்லை, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.