தேர்வறையில் கை குளிர்ந்தால்

வணக்கங்க. கோவையில் மசாஜ் தெரபி படித்து முடித்திருக்கிறேன். வருகிற வாரம் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் சான்றிதழ், அப்புறம்தான் வேலை. எழுத்துத் தேர்வு எனக்குப் பயமில்லைங்க. ஆனால் மாதிரித் தேர்வில் தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றதும் கை வேர்த்து ஜில்லென்று ஆகிவிட்டது. மேசையில் படுத்திருந்த அக்கா "கை ஏன் இப்படிக் குளுருது?" என்று கேட்டதும், அடுத்து என்ன செய்வதென்றே மறந்துபோச்சு. படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொள் என்கிறாள் தோழி. போடலாமுங்களா?
– ச., பெருந்துறை

அன்புள்ள ச.,

மாத்திரையை முதலில் பேசிவிடுவோம். தேர்வுக்கென்று கைமாறுவது பெரும்பாலும் புரோப்ரனலால். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சே திணறலாம். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்குத் தலைசுற்றும். மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதித் தராமல், தோழி கொடுத்தாள் என்று தயவுசெய்து போடாதீர்கள்.

பயத்தில் அட்ரினலின் ஏறும்போது தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதனால்தான் கை குளிர்கிறது. தேர்வு அன்று கை கழுவத்தான் போகிறீர்கள். வெந்நீர் கிடைத்தால் அதில் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகு தொடுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியே போகும் நேரத்தில் இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும். அதனால் விடும் மூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். காலையில் இரண்டாவது காபி வேண்டாம்.

இதெல்லாம் சின்ன உதவிதான். கடிதத்தைப் படித்ததில் எனக்குப் பட்டது வேறு. உங்கள் கவனம் முழுவதும் தேர்வாளர் மேல் இருக்கிறது. பிசியோதெரபி மாணவர்களுக்குத் தேர்வாளராக நானும் உட்கார்ந்திருக்கிறேன். விரல் வித்தையை விட நாங்கள் முதலில் பார்ப்பது, படுத்திருப்பவர் உங்களிடம் பத்திரமாக இருக்கிறாரா என்பதைத்தான். அவருக்கு என்ன நோய் என்று கேட்டீர்களா, தொடும் முன் அனுமதி வாங்கினீர்களா, தேவையில்லாத இடத்தைத் துணியால் மூடினீர்களா? ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். பிடித்துவிட்டால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். "இதை நான் தொடமாட்டேங்க, உடனே டாக்டரைப் பாருங்க" என்பதுதான் அங்கே சரியான செய்முறை. அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவரை நினைக்க நேரம் இருக்காது.

தேர்வாளர் முகத்தில் ஒன்றும் தெரியாது. சரி, தப்பு என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி இருக்கிறோம். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்குக் கொண்டுவந்த முறைக்குப் பிறகு, பல செய்முறைத் தேர்வுகளில் பட்டியல் வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு படி விட்டுப்போனால் அந்தப் படிக்கான மதிப்பெண் போகும், அவ்வளவுதான். மறந்துபோனால் கையை எடுத்துவிடாதீர்கள். மெதுவாக நீவிக்கொண்டே "அழுத்தம் சரியா இருக்குங்களா?" என்று கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்விதான் அது. அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த படி ஞாபகம் வந்துவிடும்.

இந்த வாரம் கூடப் படித்தவர்கள் மேல் பழக வேண்டாம். எப்படிப் படுக்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். தறி ஓட்டித் தோள் இறுகிய பெரியப்பா, திருப்பூர் பனியன் கம்பெனியில் குனிந்தே தைத்துக் கழுத்து பிடித்துப்போன அக்கா, மஞ்சள் காட்டில் களை எடுத்து இடுப்பு வலிக்கிற அம்மாயி, இவர்களைப் படுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையை, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள். அதுபோல உங்கள் வரிசையும் வாயில் நின்றுவிட்டால் கைக்குத் தானாக வரும். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மற்றதைவிட அதிகமாகப் பழகுங்கள், படபடப்பு உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

சனிக்கிழமை கோபியில் இருப்பேன். முடிந்தால் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் படுக்கட்டும், நான் காகிதமும் பேனாவுமாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து பார்க்கிறேன்.