லெந்து உபவாசம் நடுவில் தப்பிவிட்டது, நன்றி சொல்லவே கூச்சமாக இருக்கிறது

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து உபவாசம் நடுவில் தப்பியதால் மறுபடி தொடங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. 23ஆம் நாள் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டதால் உங்கள் இரட்சிப்பு போய்விடவில்லை. இன்றிரவே தாராளமாக நன்றி சொல்லி ஜெபிக்கலாம்.

உபவாசத்தைத் தவணை கட்டுவதுபோல நினைத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அப்போஸ்தலன் பவுல் கடிதம் எழுதிய கலாத்தியா சபையாருக்கும் இதே சிக்கல்தான். கிறிஸ்துவை ஏற்ற பிறகும் விருத்தசேதனம், நாள், மாதம் என்று கணக்குப் பார்த்தார்கள். பவுல் அதை அடிமைத்தனத்தின் நுகம் என்றே சொன்னார்.

லூக்கா 17ஐ எடுத்துப் பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகளும் போகிற வழியிலேயே சுத்தமாகிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் அந்தச் சமாரியன் திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுகிறான். முதலில் சுகம், பிறகுதான் நன்றி என்ற இந்த வரிசை புரிந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்று செய்து பாருங்கள்: ‘மன்னியும்’ என்ற வார்த்தையே இல்லாமல் ஐந்து நிமிடம் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கள். நடுவில் அந்தக் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்து நா தடுமாறினால், பயம் ஒட்டியிருக்கும் இடம் அதுதான்.

ஆனால் கிறிஸ்து தந்த விடுதலையைச் சொல்லும் கலாத்தியர் 5:1ஐப் படிக்கும்போது 13ஐயும் சேர்த்துப் படியுங்கள். சுயாதீனம் இஷ்டப்படி நடக்க அல்ல, அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யத்தான். மீதி நாட்களைச் சந்தோஷமாகத் தொடருங்கள். பயம் தூக்கத்தையே கெடுத்தால் ஆயரிடம் நேரில் பேசுங்கள், டாக்டரையும் பாருங்கள்.