சிப்பிப்பாறை நாய் கூப்பிட்டாலும் வராமல் ஒதுங்கியே இருப்பது ஏன்?

ஒதுங்கிய சுபாவம் என்றால், வீட்டாரிடம் மட்டும் அளவாகப் பழகி, தானே முடிவெடுக்கும் குணம். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். முயல் திரும்பும் நொடியில் கட்டளைக்குக் காத்திருந்தால் இரை தப்பிவிடும். கட்டுமரத்தில் தனியாகப் போனவர் கரையில் கேட்டா வலை வீசுவார்?

நாகர்கோவில், தக்கலை போல வீடுகள் நெருங்கிய ஊரில் சிக்கலே இதுதான். பூனையோ கோழியோ ஓடினால் பின்னாலேயே பாயும்; அப்போது உங்கள் குரல் காதில் ஏறாது. அதனால் தெருவில் வாரைக் கழற்றவே வேண்டாம். மதில் 6 அடியாவது இருக்கட்டும். பயிற்சி 5 நிமிடம், நாளைக்கு 2 முறை, அவித்த கோழித் துண்டு கொடுத்து. பயிற்சி நேரத்தை நீட்டினால் சலித்து விலகிவிடும். அடித்தால் கிட்டவே வராது.

மேலே தாவி நக்காததால் பாசமில்லாத நாய் என்று பலர் நினைப்பது தவறு: நீங்கள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து படுப்பதுதான் அதன் பாசம்.