பழுப்பேறிய கூலன்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் ஏழு ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. இன்ஜின் அதிகம் சூடாவதாகத் தெரியவில்லை. ஆனால் ரிசர்வ் டேங்கில் பச்சையாக இருந்த, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பழுப்பாகிவிட்டது. ரசாயனம் ஊற்றி ரேடியேட்டரைக் கழுவ வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தெருமுனை மெக்கானிக்கோ, நம் ஊர் வெயிலுக்குக் கூலன்ட்டே வேண்டாம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிறார். இதை நானே வீட்டில் செய்ய முடியுமா? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு விடுமுறை நாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். உங்களுக்குக் கிடைத்த இரண்டு ஆலோசனைகளில் முதலாவது உங்கள் பணத்தை வீணாக்கும், இரண்டாவது உங்கள் இன்ஜினையே வீணாக்கும் என்பதால், இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீர் உறைவதைத் தடுக்க மட்டுமே கூலன்ட் என்று நினைப்பவர்களுக்குத்தான் மதுரையில் அது தேவையற்றதாகத் தோன்றும். இன்றைய கார்களில் ரேடியேட்டரும் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம். வெறும் தண்ணீர் அவற்றை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கும் மருந்துகள் கூலன்ட்டில்தான் இருக்கின்றன. அது தண்ணீரைவிடக் கூடுதலான வெப்பத்தில்தான் கொதிக்கும் என்பது நம் சித்திரை வெயிலுக்கு உபரி ஆதாயம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி வரையிலான வெப்பத்தில் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் அந்த வால்வு இல்லாவிட்டால், இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை இன்ஜினின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைப் பீச்சிக்கொண்டே இருக்கும். கழற்றச் சொல்பவர் உங்கள் பெட்ரோல் செலவில் பங்கு கொடுக்கப் போவதில்லை.

சர்வீஸ் சென்டர் சொல்லும் ரசாயனக் கழுவல், உள்ளே கட்டியாகத் துருவும் சுண்ணாம்பும் படிந்து இன்ஜின் சூடேறும் வண்டிக்குப் பொருந்தலாம். உங்கள் வண்டி சூடேறவில்லை என்கிறீர்கள். நிறம் மாறிய கூலன்ட்டை வடித்துச் சுத்தமான நீரால் அலசினாலே அது சரியாகிவிடும். வண்டியின் கையேட்டில் எங்கும் இல்லாத ஒரு வேலையைப் பில்லில் ஏற்றும்போது, ஏன் தேவை என்று எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள். பல இடங்களில் அந்த வரி அதன் பிறகு பில்லிலிருந்து காணாமல் போய்விடும்.

தொடங்குமுன் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். பழுப்பு நிறம் துருவால் வந்ததா, எண்ணெயால் வந்ததா என்று பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கிலிருந்து சிறிதளவு கூலன்ட்டை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். துருவாக இருந்தால் பொடி அடியில் படிந்து மேலே தெளியும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். எண்ணெயாக இருந்தால் மேலே படலமாக மிதக்கும், அல்லது மொத்தமும் பால் விட்ட டீயைப்போலக் கெட்டியாகவே நிற்கும், விரலில் வழுக்கும். இரண்டாவது வகை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டிலோ ஆயில் கூலரிலோ பழுது. சிலவகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், அங்கும் கசிவு இருக்கலாம். எத்தனை முறை அலசினாலும் அது திரும்ப வரும், மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் வெளிறிய நுரை இருக்கிறது, கூலன்ட்டும் ஆயில் குச்சியும் சுத்தமாக இருக்கின்றன என்றால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே போய்வரும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆவது சகஜம். அந்த நுரையைக் காட்டி ஹெட்டைக் கழற்ற வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துருதான் என்று உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். வண்டி குறைந்தது நான்கைந்து மணி நேரம் நின்றிருக்க வேண்டும். சூடான இன்ஜினில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால்தான். மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்துப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். துணி போட்டுத் திறந்தால் ஆபத்தில்லை என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வண்டியைத் தூக்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ரேடியேட்டரின் கீழ் மூலையில் உள்ள வடிகுழாய்த் திருகைத் திறந்து, அகலமான பாத்திரத்தில் கூலன்ட்டைப் பிடியுங்கள். அந்தத் திருகு பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் விரலால் திருப்பினாலே போதும். திருகே இல்லாத வண்டிகளில் கீழ் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்த வேண்டியிருக்கும். எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரிசர்வ் டேங்கைத் தனியே கழற்றிக் கழுவிவிடுங்கள்.

இனி அலசல். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவற்றில் உள்ள உப்புகள் சூட்டில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேமித்து ஊற்றுபவர்கள் உண்டு, அதில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரே சரியானது, விலையும் அதிகமில்லை. ஆனால் பேட்டரி ஆசிட்டும் அதே கடையில், அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். வடிகுழாயை மூடி, நீரை நிரப்பி, வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, மூடியைப் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்றால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அந்த ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் திடீரென்று சுழலும், கையைத் தள்ளியே வையுங்கள். இன்ஜினை நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, மீண்டும் வடியுங்கள். நீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும்.

அடுத்த கட்டத்தில்தான் வீட்டில் செய்பவர்களில் பாதிப்பேர் தவறுகிறார்கள். வடிகுழாயைத் திறந்தால் எல்லாமே வந்துவிடுவதில்லை, இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமான நீர் தங்கிவிடும். உங்கள் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று இருக்கிறது, வடித்தது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. கடையில் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால், அதில் மூலக்கூலன்ட் ஒன்றரை லிட்டர்தான். ஐந்தில் ஒன்றரை என்றால் 30 சதவீதம், அதாவது பாதிக்குப் பாதிக் கலவை தரும் அரிப்புத் தடுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தண்ணீரால் அலசிய வண்டிக்குக் கலக்காத மூலக்கூலன்ட்டையே வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியான இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். இவ்வளவு எளிய கணக்கைப் பல கேன்களின் லேபிளில் காணோம்.

நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான், எந்த நிறம் எந்த வகை என்பதற்குப் பொது விதியே கிடையாது. கையேட்டில் குறிப்பிட்டுள்ள தர எண்ணோ வகையோ லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கேன், பெட்ரோல் பங்கில் "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று நீட்டப்படும் கேன், எழுத்து மங்கிய கேன் மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். சாயத் தண்ணீரைக் கூலன்ட் என்று விற்பது சிரமமான தொழில் அல்ல, பிடிப்பாரும் இல்லை. கசிவை அடைக்கும் பொடிகளும், லாரிக்காரர்கள் சிலர் நம்பும் மஞ்சள்தூளும் ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரையும் அடைத்துவிடும்.

கூலன்ட்டை மெதுவாக ஊற்ற வேண்டும், வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்போது மூடுங்கள். இல்லாவிட்டால் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தபடியே சிறிது நேரம் ஐடிலில் ஓட்டி, மேல் ஹோஸை அழுத்தி அழுத்திவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். மட்டம் பொங்கி ஏறத் தொடங்குமுன் மூடியைப் போட்டுவிட வேண்டும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, ஆறிய பின் ரிசர்வ் டேங்கில் இரு கோடுகளுக்கும் இடையே அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். அது சிறுநீரகத்தை அழிக்கும் விஷம். சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றவும் கூடாது. அப்படியானால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்பீர்கள். வீட்டில் இரண்டு மூன்று லிட்டர் வைத்திருப்பவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நான் பார்த்த எந்த மாநகராட்சியும் ஒழுங்காகச் செய்து வைக்கவில்லை. கேனில் அடைத்து, "விஷம்" என்று எழுதி, கழிவு எண்ணெயை முறையாக அனுப்பும் பெரிய சர்வீஸ் சென்டரில் எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். மறுத்தால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

முதல் வாரம் தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் மட்டத்தைப் பாருங்கள். ஒரு முறை சிறிது இறங்குவது மிச்சமிருந்த காற்று வெளியேறியதால். நிரப்பிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. அப்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடும் பிரஷர் டெஸ்ட், இன்னொரு முறை கழுவுவது அல்ல.